லிங்கன் தாள்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபிரகாம் லிங்கனின் தாள்களை இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. பணம் கட்ட வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆய்வு மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் என்று புதிதாகப் பலர் வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். இந்தத் துறையில் பழகியவர்களும் ஒரு காலத்தில் அங்கேதான் இடறினார்கள். கையெழுத்து புரியாமல் திணறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறோம், அது நாளடைவில் சரியாகிவிடும். எத்தனை வருடம் படித்தாலும் தானாகச் சரியாகாத தவறுகள்தான் இவை.

லிங்கன் தாள்கள் என்றால் லிங்கன் எழுதியவை என்று நினைப்பது

இந்தத் தொகுப்பில் பெரும்பகுதி லிங்கனுக்கு மற்றவர்கள் எழுதியது. அவர் எழுதி அனுப்பிய கடிதம், பெற்றவர் வீட்டுக்குப் போய்விட்டது. பெற்றவரின் குடும்பம் அதை என்ன செய்ததோ அதைப் பொறுத்து, இன்று ஏதோ ஒரு நூலகத்திலோ ஏலத்தில் எடுத்தவர் பெட்டகத்திலோ இருக்கும். தாடி வளர்க்கச் சொல்லி 1860 அக்டோபர் 15 அன்று கடிதம் எழுதிய பதினொரு வயதுச் சிறுமி கிரேஸ் பெடல் கதை பலருக்குத் தெரியும். அவள் எழுதியது டெட்ராய்ட் பொது நூலகத்தில் இருக்கிறது. அக்டோபர் 19 அன்று லிங்கன் எழுதிய பதில் தனியார் கைக்குப் போய்விட்டது. இரண்டுமே காங்கிரஸ் நூலகத்தின் லிங்கன் தொகுப்பில் இல்லை. அங்கே தேடிப் பார்த்துவிட்டு 'இப்படி ஒரு கடிதமே கிடையாது' என்று எழுதினால் எப்படியிருக்கும்?

தொகுப்பு கைமாறி வந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1865-இல் லிங்கன் கொல்லப்பட்ட பிறகு, செயலாளர்களான ஜான் நிக்கொலேயும் ஜான் ஹேயும் தாள்களைக் கட்டி, இல்லினாய்ஸில் இருந்த நீதிபதி டேவிட் டேவிஸின் பொறுப்பில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். பின்னர் அதே தாள்களை வைத்துப் பத்துத் தொகுதி வாழ்க்கை வரலாற்றை 1890-இல் வெளியிட்டார்கள். மகன் ராபர்ட் 1919-இல் காங்கிரஸ் நூலகத்தில் ஒப்படைத்தார். தான் இறந்து 21 ஆண்டுகள் ஆகும்வரை யாருக்கும் காட்டக் கூடாது என்று 1923-இல் பத்திரம் எழுதினார். 1926 ஜூலை 26 அன்று இறந்தார், 1947 ஜூலை 26 அன்று கட்டுகள் பொதுவில் திறக்கப்பட்டன. ஆகவே 1947-க்கு முன் வந்த வரலாற்று நூல்களில், அந்த இரண்டு செயலாளர்களுடையதைத் தவிர, ஏறக்குறைய எல்லாமே இந்தத் தாள்களைப் பார்க்காமல் எழுதப்பட்டவை. அத்தகைய நூல் ஒன்று 'ஆதாரம் இல்லை' என்று சொன்னால், அன்றைக்கு அதை எழுதியவர் கைக்கு எட்டவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதி

அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 3/4/61 என்றிருந்தால் 1861 மார்ச் 4, லிங்கன் பதவியேற்ற நாள். நம் பழக்கப்படி ஏப்ரல் 3 என்று குறித்துவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போய், உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதலுக்கு ஒன்பது நாள் முன்னதாக வந்து நிற்கும். பதவியேற்பைப் பற்றிய கடிதம் போரைப் பற்றிய கடிதமாகிவிடும். ஜனவரி மாதக் கடிதங்களில் பழைய ஆண்டைக் கைப்பழக்கத்தில் எழுதியிருப்பார்கள். தபால் முத்திரையை நம்பித் திருத்தலாம் என்றால், அந்தக் கால முத்திரைகள் பலவற்றில் ஆண்டே இருக்காது. கிழமை எழுதியிருந்தால் நாட்காட்டியில் சரிபாருங்கள். உள்ளே ஏதாவது சம்பவம் குறிப்பிட்டிருந்தால் அதையும் பாருங்கள்.

அனுப்பாத கடிதத்தை அனுப்பியதாக எழுதுவது

இத்தனை பேர் எழுதிய பிறகும் இந்தத் தவறு நிற்கவில்லை என்பது உண்மையாகவே எரிச்சல் தருகிறது. மற்ற தவறுகளால் ஒரு வரி பிழையாகும். இது ஒரு கட்டுரையின் வாதத்தையே கவிழ்த்துவிடும்.

1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க் போர். தோற்ற தெற்குத் தளபதி ராபர்ட் லீ தன் படையோடு பின்வாங்கி, ஜூலை 13 இரவு தொடங்கி போட்டோமாக் ஆற்றைக் கடந்து தப்பினார். வென்ற தளபதி ஜார்ஜ் மீட் துரத்தி அழிக்கவில்லை என்று லிங்கனுக்குக் கடும் வருத்தம். ஜூலை 14 அன்று மீடுக்கு ஒரு கடிதம் எழுதினார்: பொன்னான வாய்ப்பு போய்விட்டது, அதனால் நான் அளவற்ற துயரத்தில் இருக்கிறேன் என்று. படிப்பவரை உலுக்கும் கடிதம். அது மேற்கோளாகப் போகாத இடமில்லை. 'லிங்கன் மீடைக் கண்டித்துக் கடிதம் அனுப்பினார்' என்று எழுதிவிடுகிறார்கள். அனுப்பவில்லை. கடிதம் வைத்திருந்த உறையின் மேல் லிங்கன் தன் கையாலேயே எழுதிவைத்தார்: ஜெனரல் மீடுக்கு, அனுப்பவும் இல்லை, கையொப்பமிடவும் இல்லை.

மீட் அன்றைக்குப் பதவி விலக முன்வந்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம், குடியரசுத் தலைவருக்குப் பெரும் அதிருப்தி என்று தலைமைத் தளபதி ஹென்றி ஹாலெக் அனுப்பிய தந்தி. லிங்கன் கடிதம் போய்ச் சேர்ந்ததாக எழுதினால், மீடின் விலகல் முடிவுக்குத் தவறான காரணத்தைக் கொடுக்கிறீர்கள். வரிசையும் தலைகீழாகிறது: விலகல் பேச்சு எழுந்த பிறகுதான், மீடைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தோடு லிங்கன் பேனாவை எடுத்தார். எழுத எழுத வருத்தம்தான் மேலெழுந்தது. உறைக்குள் போட்டு மூடிவைத்தார்.

இதைவிடவும் விலை கொடுக்க வைப்பது 1864 ஆகஸ்ட் 17 தேதியிட்ட இன்னொரு தாள். விஸ்கான்சின் பத்திரிகையாசிரியர் சார்லஸ் ராபின்சன், போரை ஆதரித்த ஜனநாயகக் கட்சிக்காரர். தெற்கு மாநிலங்கள் அடிமை முறையைக் கைவிட்டால்தான் சமாதானப் பேச்சு என்ற நிபந்தனை ஏன் என்று கேட்டு எழுதியிருந்தார். லிங்கனின் பதில் வரைவு, கறுப்பின வீரர்களுக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று உறுதியாக வாதாடுகிறது. ஆனால் முடிவில், அடிமை முறையைப் பற்றிப் பேசாமல் சமாதானமும் ஐக்கியமும் தருகிறேன் என்று தெற்கின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அவர் சோதித்துப் பார்க்கட்டும் என்று ஒரு வாக்கியம். இந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, 'விடுதலையைக் கைவிடத் தயார் என்று லிங்கன் அறிவித்தார்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆகஸ்ட் 19 அன்று அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடெரிக் டக்ளஸிடம் லிங்கன் இதைக் காட்டினார். அடிமை ஒழிப்புக் கொள்கையையே விட்டுக்கொடுத்ததாக உலகம் எடுத்துக்கொள்ளும், அனுப்ப வேண்டாம் என்றார் டக்ளஸ். கடிதம் போகவில்லை. அந்த வாரம் லிங்கன் தடுமாறினார் என்பதற்கு இந்த வரைவு நல்ல சாட்சி. அவர் எதையும் அறிவித்தார் என்பதற்குச் சாட்சியே இல்லை.

சரிபார்ப்பது கடினமல்ல. முதல் கேள்வி: தாள் எங்கே இருக்கிறது? மீடுக்கு எழுதிய கடிதம் லிங்கனின் கட்டிலேயே இருந்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். போன கடிதம் மீடின் தாள்களில் இருக்க வேண்டும். அவை ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. அனுப்பியவர் கட்டில் கிடப்பது வரைவாக இருக்கலாம், வைத்துக்கொண்ட நகலாக இருக்கலாம், அனுப்பாததாகவும் இருக்கலாம். அடுத்து தாளையே பாருங்கள். அடித்தல், வரிக்கு மேல் செருகல், பென்சில் எழுத்து, கையொப்பம் இல்லாமை எல்லாம் வரைவின் அடையாளம். ஒன்றுக்கு மேற்பட்ட வரைவு இருந்தால், எது முந்தியது என்று அடித்தல்களை வைத்துத் தீர்மானியுங்கள். முதல் தாளில் செருகிய சொல் இரண்டாவதில் வரியோடு வரியாக வந்திருக்கும்.

பிறகு பெற்றவரின் பதிலைத் தேடுங்கள். அந்தக் காலத்தவர்கள் 'உங்கள் 14-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது' என்று தொடங்குவது வழக்கம். அந்த வரி கிடைத்தால் வேலை முடிந்தது. தந்தியாகப் போயிருக்குமோ என்றால் போர்த் துறைத் தந்தி அலுவலகப் பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அந்த அலுவலகத்தின் தலைவர் தாமஸ் எக்கெர்ட் வைத்திருந்த பேரேடுகள் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன.

இத்தனைக்கும், லிங்கன் எழுத்துகளை 1953-இல் தொகுத்து வெளியிட்ட ராய் பாஸ்லர் குழு ஒவ்வொன்றின் கீழும் இதைச் சொல்லியிருக்கிறது. ஏ.எல்.எஸ். என்றால் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம். ஏ.டி.எஃப். என்றால் சொந்தக் கையெழுத்து வரைவு. எல்.எஸ். என்றால் வேறு ஒருவர் எழுத, கையொப்பம் மட்டும் அவருடையது. இணையத்தில் மேற்கோளாக ஒட்டுகிறவர்கள் அடிக்குறிப்பை வெட்டிவிட்டு ஒட்டுகிறார்கள். அடிக்குறிப்பு இல்லாமல் வந்த லிங்கன் கடிதத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

மற்ற அரசியல்வாதிகளின் தாள்களில் அழுத்து நகல் புத்தகங்களைப் பார்ப்பீர்கள். தனி மையில் எழுதிய கடிதத்தின் மேல் ஈரப்படுத்திய மெல்லிய தாளை வைத்து இரும்பு அச்சில் அழுத்துவார்கள். மை எதிர்ப்புறமாகப் பதியும். தாள் மெல்லியது என்பதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். எழுதி முடித்த கடிதத்தில்தான் இந்த நகல் எடுப்பார்கள் என்பதால், வரைவைவிட இது வலுவான சாட்சி.

பின்பக்கம்

முன்பக்கத்தை மட்டும் பதிவிறக்குவது பெரிய இழப்பு. 1864 ஆகஸ்ட் 23 அன்று, தேர்தலில் தோற்பது உறுதி என்று எண்ணிய லிங்கன் ஒரு சிறு குறிப்பு எழுதி, உள்ளே இருப்பதைக் காட்டாமல் மடித்து, அமைச்சர்களிடம் பின்பக்கத்தில் கையொப்பம் வாங்கினார். சீவார்ட், ஸ்டான்டன், வெல்ஸ் உட்பட ஏழு பெயர்கள். முன்பக்கம் மட்டும் பார்ப்பவருக்கு அது லிங்கனின் தனிப்பட்ட புலம்பலாகத் தெரியும்.

வந்த கடிதங்களின் பின்பக்கத்தில் எழுத்தர் அனுப்பியவர் பெயர், தேதி, பொருள் என்று ஓரிரு வரி எழுதிவைப்பார். கடிதத்தை மடித்து அடுக்கும்போது வெளியே தெரிவது அந்தப் பட்டைதான். அது எழுத்தரின் சுருக்கம். கடிதம் எழுதியவரின் சொல்லாக அதை மேற்கோள் காட்டாதீர்கள்.

சுருக்கப் பெயர்கள்

ஜே.என்.ஓ. (Jno.) என்றால் ஜான். ஜோனத்தன் இல்லை.

அஞ்சல் தலை இல்லாத உறை

நேரில் கொடுத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். காங்கிரஸ் உறுப்பினர்கள் உறையில் கையொப்பமிட்டே இலவசமாக அனுப்பலாம். 1873 வரை அந்தச் சலுகை இருந்தது.

வேலை கேட்டு வந்த கடிதங்களைத் தாண்டிப் போவது

அந்த நூற்றாண்டின் எந்த அரசியல்வாதியின் கட்டைப் பிரித்தாலும் அஞ்சல் அதிகாரி வேலை, சுங்க வேலை, தூதரக வேலை கேட்டு வந்த கடிதங்கள் குவிந்திருக்கும். சலிப்பில் எல்லாரும் தள்ளிவிடுகிறார்கள். யார் யாருக்குச் சிபாரிசு செய்தார், எந்த மாநிலக் குழு யாரை எதிர்த்தது என்பது இவற்றில்தான் இருக்கிறது. கட்சி எப்படி இயங்கியது என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் கிடையாது. 1881-இல் வேலை கிடைக்காத ஒருவன் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டதும், 1883-இல் அரசு வேலையைத் தேர்வு மூலம் தரச் சொன்ன பெண்டில்டன் சட்டம் வந்ததும் இந்தக் கடிதக் குவியலின் தொடர்ச்சிதான்.

ஒன்று கவனியுங்கள். லிங்கன் பல சிபாரிசுகளின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி அந்தந்தத் துறைக்கு அனுப்பிவிட்டார். அவை துறைக் கோப்புகளோடு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன. லிங்கன் கட்டில் முடிவு தெரியாமல் நிற்கும் விண்ணப்பத்துக்கு முடிவு அங்கே இருக்கலாம்.

அழகான கடிதத்தை நம்புவது

போரில் ஐந்து மகன்களை இழந்ததாகச் சொல்லப்பட்ட பாஸ்டன் தாய் பிக்ஸ்பிக்கு 1864 நவம்பரில் எழுதிய ஆறுதல் கடிதத்தின் மூலம் கிடைக்கவே இல்லை. இரண்டு மகன்கள்தான் போரில் இறந்தார்கள். எழுதியது ஹேயா லிங்கனா என்ற விவாதமும் ஓயவில்லை. கையெழுத்தில் இருப்பதாக வீடுகளில் கிடைக்கும் பிரதிகள், 1890-களிலிருந்து விற்ற கல்லச்சு நகல்கள். உருப்பெருக்கியில் பாருங்கள்: அச்சு மை எல்லாக் கோட்டிலும் ஒரே கருமையாக இருக்கும். பேனா எழுத்தில் அழுத்தத்துக்கேற்ப நிறம் கூடிக் குறையும், பழைய மை பழுப்பேறியிருக்கும்.

1928 டிசம்பரில் அட்லாண்டிக் இதழ் லிங்கனின் காதல் கடிதங்கள் என்று ஒரு தொடரைத் தொடங்கியது. போலி. நில அளவையாளராக இருந்த லிங்கன் '40-ஆவது பிரிவு' என்று எழுதியதாக அதில் இருந்தது. அமெரிக்க அளவையில் ஒரு நகரியத்துக்கு 36 பிரிவுகள்தான் உண்டு. அளவையாளர் அந்தப் பிழையைச் செய்ய மாட்டார்.

அச்சில் வந்த நாட்குறிப்பு

கடற்படைச் செயலர் கிடியன் வெல்ஸின் நாட்குறிப்பு 1911-இல் மூன்று தொகுதிகளாக வந்தது. எல்லாரும் அன்றாடம் எழுதியதாகவே எடுத்தாண்டார்கள். வெல்ஸ் பிற்காலத்தில் அதில் திருத்தியும் சேர்த்தும் வைத்திருந்தார். அச்சிட்டவர்கள் எது அன்று எழுதியது, எது பின்னால் சேர்த்தது என்று பிரித்துக் காட்டவில்லை. வரலாற்றாசிரியர் ஹோவர்ட் பீல் 1925-இலேயே இதை எழுதினார், மாற்றங்களைக் காட்டும் அவருடைய பதிப்பும் 1960-இல் வந்தது. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக 1911 பதிப்பிலிருந்து எடுக்கிறார்கள். தளபதி கிராண்டையோ அமைச்சர் சீவார்டையோ பற்றிய தீர்ப்பு வரும் இடங்களில் 1960 பதிப்போடு ஒப்பிடாமல் எழுதாதீர்கள்.

ஆதாரம் குறிப்பது

இணையச் சுட்டி மட்டும் போதாது. எழுதியவர், பெற்றவர், தேதி, வரைவா அனுப்பியதா, தொகுப்பின் பெயர், வரிசை எண், காப்பகம்.