சுரங்கக் குட்டையில் வண்டல் அள்ளும்போது பக்கத்து ஓடையைக் காக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடபகுதியில், டண்டீ நகருக்கு அருகே மூடிக்கிடக்கும் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் கழிவுநீர்க் குட்டையில் வண்டல் அள்ளும் பணியைச் சென்ற குளிர்காலத்தில் மேற்பார்த்தேன். 1913ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியத் தொழிலாளர்களான நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்த நியூகாசில் சுரங்கங்களும் இதே நிலக்கரி வட்டாரத்தைச் சேர்ந்தவையே. இங்குள்ள ஓடைகள் பஃபலோ ஆற்றில் கலந்து துகேலா ஆற்றை அடைவதால், இங்கே செய்யும் பிழை நெடுந்தொலைவு பயணம் செய்யும். நீர்ப் பயன்பாட்டு உரிமத்தை நீங்கள் முன்பே பெற்றுவிட்டீர்கள் என்று கொண்டு, நேரே வேலைக்கு வருகிறேன்.

1. பருவம். இங்கு மழை கோடையில்தான் பெய்யும். ஆகவே மழை குறைந்த குளிர்காலமான மே மாதம் தொடங்கி ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள்.

2. நல்ல நீரைப் பிரித்தல். மேட்டிலிருந்து வரும் மழைநீர் குட்டைக்குள் இறங்காதபடி வரப்பும் வாய்க்காலும் வெட்டி, அதைச் சுற்றுவழியாக ஓடைக்கே அனுப்ப வேண்டும். 1999ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று வெளியான 704ஆம் எண் அரசு அறிவிப்பு, நல்ல நீரும் கழிவுநீரும் 50 ஆண்டுகளில் ஒரு முறைக்கு மேல் கலவாதபடி அமைப்பைக் கட்டச் சொல்கிறது. குட்டையின் முழு நீர்மட்டத்துக்கு மேல் 0.8 மீட்டர் கரை எஞ்சியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

3. முன்னளவு. வேலை தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பிருந்தே, குட்டைக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் ஓடை நீரை அளந்து எழுதி வையுங்கள். நீரின் தெளிவைப் பார்க்கும் ஒரு மீட்டர் நீளத் தெளிவுக் குழாய், அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மானி, நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானி ஆகிய மூன்றும் போதும். இவற்றில் ஒன்றை மட்டுமே வாங்கப் பணம் இருந்தால் மின்கடத்துதிறன் மானியையே வாங்குங்கள். காரணம் ஐந்தாம் படியில் வருகிறது. நீர்ப்பூச்சிகளை 13 வகைகளாகப் பிரித்து ஓடையின் நலத்தைக் கணிக்கும் மினிசாஸ் முறையும் தென்னாப்பிரிக்காவிலேயே உருவானது. பயிற்சி பெற்றால் யாரும் செய்யலாம்.

4. அள்ளுதல். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு உள்ள குட்டையில் எக்ஸ்கவேட்டரை இறக்குவதை நான் விரும்புவதில்லை. வாளியின் பல் ஒரு முறை பட்டாலும் விரிப்பு கிழியும். அந்தக் கிழிசல் சேற்றின் அடியில் யார் கண்ணிலும் படாது. மிதவை மேல் வைத்த உறிஞ்சு பம்பினால் சேற்றை எடுத்து, துணியாலான வடிகட்டுப் பைகளுக்குள் செலுத்துவது மெதுவான வேலை என்றாலும் அதுவே என் தேர்வு. சேறு விரைவில் திரள்வதற்குப் பாலிஅக்ரிலமைடு என்னும் வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். அதில் நேர்மின்னூட்டம் கொண்ட வகை மீன்களின் செவுளில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும் என்பதால், எதிர்மின்னூட்டம் கொண்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு கலந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

5. அள்ளியதை வைக்கும் இடம். நான் இடறி விழுந்தது இங்கேதான். புதுச் சேற்றின் பி.எச். ஏறக்குறைய 7, அதாவது அமிலமும் காரமும் அற்ற நடுநிலையில் இருந்தது. ஆகவே தீங்கற்றது என்று எண்ணி, வடிந்த பைகளைப் பிரித்து, சேற்றை வெறுந்தரையில் ஓடைப் பக்கமாகக் குவிக்க விட்டுவிட்டேன். நீரடியில் இருக்கும்வரை காற்று படாததால், அந்தச் சேற்றிலுள்ள பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் ஆக்சிஜனும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். செப்டம்பரின் முதல் மழைக்குப் பிறகு கீழ்ப்பகுதி நீரைத் தெளிவுக் குழாயில் ஊற்றிப் பார்த்தேன். அடியிலிருந்த கறுப்பு வட்டு துலக்கமாகத் தெரிந்தது. மகிழ்ந்து வண்டியில் ஏறிவிட்டேன். உடன் பணியாற்றிய சுலு நண்பர்தான் மின்கடத்துதிறனையும் பார்த்துவிடலாம் என்று என்னைத் திரும்ப அழைத்தார். மேற்பகுதி அளவைப்போலப் பல மடங்கு காட்டியது. அமில நீரில் கரைந்துள்ள உலோகங்கள் களிமண் துகள்களைத் திரட்டி அடியில் இறக்கிவிடுவதால், கெட்ட நீர் நல்ல நீரைவிடத் தெளிவாகத் தோன்றக்கூடும் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன்.

ஆகவே, அள்ளும் முன்பே சேற்றின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, அமிலம் உண்டாக்கும் திறனையும் அந்த அமிலத்தை நடுநிலையாக்கும் திறனையும் கணக்கிடச் சொல்லுங்கள். சல்பைடாக உள்ள கந்தகம் எடையில் 1 சதவீதம் என்றால், ஒரு டன் சேற்றுக்கு 31.25 கிலோ தூய சுண்ணாம்புக்கல் தூள் தேவை. சந்தையில் கிடைக்கும் தூள் அவ்வளவு தூயதன்று என்பதால் கூட்டியே போடுங்கள். சுட்ட சுண்ணாம்பு விரைவாக வேலை செய்யும். ஆனால் அளவு சற்று மிஞ்சினாலும் நீரைக் கடுங்காரமாக்கிவிடும் என்பதால் அதை நான் தொடுவதில்லை. குவியலின் அடியில் விரிப்பு, சுற்றிலும் வரப்பு, கசிவு குட்டைக்கே திரும்பும்படி சரிவு, மேலே தார்ப்பாய் ஆகிய நான்கும் முதல் வண்டிச் சேறு வரும் முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும். ஓடையிலிருந்து 100 மீட்டருக்குள்ளும், நூறாண்டுக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளம் எட்டும் கோட்டுக்குள்ளும் குவிப்பதற்கு மேற்சொன்ன 704ஆம் எண் அறிவிப்பே தடை விதிக்கிறது. எங்கள் குவியலை அப்புறப்படுத்தி வேறிடம் சேர்க்க, அள்ளிய நாட்களைவிடக் கூடுதல் நாட்கள் பிடித்தன.

பின்சேர்க்கை: ஓடையிலேயே வண்டல் திரை கட்டினால் போதாதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தேங்கிய நீரிலும் மெல்ல நகரும் நீரிலும் மட்டுமே திரை நிற்கும். ஓட்டமுள்ள இடத்தில் அது படகுப் பாய்போல உப்பிக் கிளம்பிவிடும். தவிர, கரைந்த அமிலத்தையும் உப்பையும் எந்தத் துணியும் பிடித்துவைக்காது.

இரண்டாம் பின்சேர்க்கை: பையிலிருந்து வடியும் நீர் தெளிவாக இருப்பதால் நேரே ஓடையில் விடலாமா என்று ஒருவர் எழுதியுள்ளார். விட வேண்டாம். அதைக் குட்டைக்கே திருப்பி, தெளிவு, பி.எச்., மின்கடத்துதிறன் ஆகிய மூன்று அளவுகளையும் எடுத்து, உரிமத்தில் உள்ள வரம்புகளோடு ஒப்பிட்ட பிறகே மதகைத் திறவுங்கள்.