கோல்ஃபில் நூறுக்குக் கீழே வர புதியவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியவை

கோல்ஃப் தொடங்கிச் சில மாதமான யாரைக் கேட்டாலும் டிரைவரில் (அதிகத் தூரம் அடிக்கும் கிளப்) இன்னும் தூரம் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். டிரைவிங் ரேஞ்ச் என்ற பயிற்சித் திடலிலும் கூடை கூடையாக அதையேதான் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஸ்கோர் அட்டையை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டால் விஷயம் வேறு. பார், அதாவது பதினெட்டு குழிகளுக்கும் நிர்ணயித்த அடிகள், 72 உள்ள மைதானத்தில் ஒன்பது குழிகளில் போகி (பாரைவிட ஓர் அடி கூடுதல்), மீதி ஒன்பதில் டபுள் போகி (இரண்டு அடி கூடுதல்) என்று ஆடினாலே 99 வந்துவிடும், ஒரு பார்கூட வேண்டாம். அற்புதமான ஷாட் எதுவும் தேவையில்லை, ஒரே குழியில் எட்டு, ஒன்பது என்று இழுத்துக்கொண்டு போவதுதான் நிற்க வேண்டும்.

முதலில் கிரிப், அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதம். வலக்கைக்காரர் என்றால், பிடித்தபின் குனிந்து பார்க்கும்போது இடக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் அடிக்கும் நேரத்தில் கிளப்பின் முகம் திறந்தே இருக்க வாய்ப்பு அதிகம், பந்து வலப்பக்கம் வளைந்து போகும். இப்படி வளையும் ஸ்லைஸ் வந்ததும் ஸ்விங்கைப் பிரித்து மேயாதீர்கள், முதலில் கையைப் பாருங்கள். அப்புறம் குறி. பந்துக்குப் பின்னால் போய் நின்று, இலக்கை நோக்கிய கோட்டில், பந்துக்கு ஓரடி இரண்டடி முன்னால் ஒரு காய்ந்த இலையையோ புல் கறையையோ தேர்ந்தெடுத்து, கிளப் முகத்தை அதற்கு நேராக வையுங்கள். அமெரிக்க சாம்பியன் ஜாக் நிக்லஸ் ஆட்டக்காலம் முழுக்கச் செய்தது இதைத்தான். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் கொடிக்கு நேராக நிற்பதைவிட இது எவ்வளவோ சுலபம்.

அயர்ன் அடிக்கும்போது முதலில் பந்து, அப்புறம் தரை. ரேஞ்சில் விரித்திருக்கும் பாய் இந்த விஷயத்தில் ஏமாற்றும், ஏனென்றால் பந்துக்குப் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிப் போய்ப் பந்து நன்றாகவே பறக்கும். அதே அடி புல்லில் என்றால் கிளப் மண்ணில் மாட்டிப் பந்து இருபது அடி போகும். அதனால் பந்துக்கு ஒரு சாண் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதைத் தொடாமல் 7 அயர்னில் அரை ஸ்விங் அடித்துப் பழகுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதைப்போல உடனே பலன் தரும் பயிற்சி வேறு கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

கிரீனில் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) பந்தை உருட்டும் பட்டிங்கில் திசையைவிடத் தூரம் முக்கியம். எட்டு அடியிலிருந்து பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறைத் தொடரின் ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள், ஆகவே முப்பது அடியிலிருந்து குழிக்குள் விழவில்லையே என்று வருந்த வேண்டாம், பந்து குழியிலிருந்து ஒரு காலடி தூரத்துக்குள் நின்றால் வெற்றி. மூன்று பட் போவது பெரும்பாலும் முதல் பட்டின் தூரம் தப்புவதால்தான். ஆட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் பயிற்சி கிரீனில் குழியே இல்லாமல், பத்து, இருபது, முப்பது அடி என்று உருட்டி, அன்றைக்குப் புல் எவ்வளவு வேகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரீனுக்கு வெளியே, புல் ஒட்ட வெட்டியிருந்தால் பட்டரையே எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் புல் இருந்தால் 8 அயர்ன்: பந்து நடுவுக்குச் சற்றுப் பின்னால், எடை இடக்காலில், பட் அடிப்பதுபோலவே ஒரு சிறு வீச்சு. உயரத் தூக்கிப்போடும் ஷாட்டெல்லாம் பிறகு பார்க்கலாம். பங்கர் என்ற மணல்குழியில் கிளப் முகத்தைத் திறந்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடித்து, வீச்சை நிறுத்தாமல் முடியுங்கள். அடிக்கும் முன் பந்துக்கு முன்னாலோ பின்னாலோ மணலைக் கிளப்பால் தொடக் கூடாது, அது பெனால்டி.

மரங்களுக்கு நடுவில் பந்து நின்றால் இடுக்கு வழியாகக் கிரீனைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் பேர்வே என்ற வெட்டிய புல்பரப்புக்குத் தட்டிவிடுங்கள், ஓர் அடிதான் நஷ்டம். ஓபி, அதாவது மைதான எல்லைக்கு வெளியே, போனால் ஒரு பெனால்டியோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். பந்து ஓபியிலோ வேறெங்காவதோ தொலைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் கிளம்பும் முன்பே புரொவிஷனல் என்ற மாற்றுப் பந்தை அடித்துவிடுங்கள், தேட இப்போது மூன்று நிமிடம்தான், 2019 விதிமாற்றத்துக்கு முன்பு ஐந்து. குறுகலான குழியில் டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு ஹைப்ரிட் (டிரைவரைவிடக் குட்டையான, கையாளச் சுலபமான கிளப்) எடுத்தால் ஓபி போவதும் குறையும்.

ஊட்டி, கொடைக்கானல் போனால் இரண்டு விஷயம். கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்று லேசாக இருப்பதால் பந்து சற்று அதிகம் பறக்கும். சரிவும் அதிகம்: பந்து உங்கள் பாதத்தைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் போகும், கீழே இருந்தால் வலப்பக்கம், அதற்கேற்ப குறியை மாற்றிக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் பிரச்சினையே வியர்வைதான், இரண்டாவது கையுறை பையில் இருக்கட்டும்.

ஹேண்டிகேப், அதாவது உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண், எடுக்கவும் தயங்க வேண்டாம். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் உச்சவரம்பு 54, குழிக்கு மூன்று அடி கூடுதல் என்ற கணக்கு, அதற்குள் யாரும் வந்துவிடலாம்.

அடுத்த முறை ஆடும்போது அட்டையில் ஸ்கோருக்குப் பக்கத்தில் பட் எத்தனை, பெனால்டி எத்தனை, கிரீனுக்கு ஐம்பது மீட்டருக்குள் வந்தபின் எத்தனை ஷாட் என்று மூன்று எண்களையும் எழுதுங்கள். மூன்று நான்கு ஆட்டம் போனதும் எது அதிகம் என்று தெரிந்துவிடும், அடுத்த வாரப் பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் அதற்கே கொடுங்கள்.