ஜாவா அனோட்டேஷன்களைச் சரிபார்ப்பது எப்படி

மெத்தட் பெயரைத் தப்பாக அடித்தால் கம்பைலர் உடனே நிறுத்திவிடும். அனோட்டேஷனை (கிளாஸ், மெத்தட் போன்றவற்றின் மேல் @ போட்டு எழுதும் குறிப்பு) தப்பான இடத்தில் வைத்தால் பல சமயம் சத்தமே வராது. கம்பைல் ஆகும், யூனிட் டெஸ்ட் பாஸ் ஆகும், புரொடக்ஷனில், அந்த அனோட்டேஷன் தொடங்க வேண்டிய டேட்டாபேஸ் டிரான்சாக்ஷன் மட்டும் தொடங்கியிருக்காது. அதனால்தான் ரிவ்யூவுக்கு உட்காரும்போது மெத்தடின் தலையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன்.

சொந்த அனோட்டேஷன் என்றால் வரையறையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். எங்கே வைக்கலாம் என்று சொல்லும் டார்கெட்டில் 'மெத்தட்' என்று மட்டும் கொடுங்கள்; யாராவது ஃபீல்டின் மேல் வைத்தால் பில்டு உடையும். அனோட்டேஷன் எதுவரை நிலைக்கும் என்று சொல்லும் ரிடென்ஷனைக் கட்டாயம் எழுதுங்கள். விட்டுவிட்டால் 'கிளாஸ்' என்றே எடுத்துக்கொள்ளப்படும்: கிளாஸ் ஃபைலில் இருக்கும், ரிஃப்ளெக்ஷனில் (நிரல் ஓடும்போதே கிளாஸ்களை ஆராய்வது) கேட்டால் நல் (null) வரும். இன்ஹெரிட்டட் மேல் அதிக நம்பிக்கை வேண்டாம். சூப்பர்கிளாஸின் மேல் போட்டது சப்கிளாஸுக்கு வரும், அவ்வளவுதான். ஓவர்ரைடு செய்த மெத்தடுக்கும் வராது, இன்டர்ஃபேஸிலிருந்தும் வராது.

அடுத்தது அனோட்டேஷன் ப்ராசஸர், அதாவது கம்பைல் ஆகும்போதே அனோட்டேஷன்களைப் படித்துச் சோதிக்கும் நிரல். இதற்குச் செலவிடும் நேரம் வீண்போகாது. யார் எதை மாற்றினார்கள் என்று பதிவுசெய்ய 'ஆடிட்' என்றொரு அனோட்டேஷன் இருக்கிறது, சப்கிளாஸ் பிராக்ஸி (நம் கிளாஸின் மெத்தடுகளை ஓவர்ரைடு செய்து அழைப்புகளை இடைமறிக்கும் சப்கிளாஸ்) வழியாக அது இயங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரைவேட், ஃபைனல், ஸ்டாட்டிக் மெத்தடுகளை அந்த பிராக்ஸியால் ஓவர்ரைடு செய்ய முடியாது. அங்கே ஆடிட் வெறும் அலங்காரம். ப்ராசஸரில் எலிமென்ட்டின் (இங்கே மெத்தடின்) மாடிஃபையர்களை எடுத்து, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் கம்பைலருக்குச் செய்தி அனுப்பும் மெசேஜர் மூலம் எரர் கொடுங்கள். எலிமென்ட்டோடு அனோட்டேஷன் மிரரையும் (அங்கே வைத்த அனோட்டேஷனைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) சேர்த்து அனுப்பினால் பிழை சரியான வரியிலேயே காட்டும். கிரான் எக்ஸ்பிரஷன் (வேலை ஓட வேண்டிய நேரத்தைச் சொல்லும் குறியீடு) போன்ற ஸ்டிரிங் மதிப்புகளையும் இங்கேயே பார்ஸ் செய்து பாருங்கள். கம்பைலருக்கு அது ஏதோ ஒரு ஸ்டிரிங், அதற்கு மேல் தெரியாது.

ஒரு முக்கியமான விஷயம்: 2024-ல் வந்த ஜேடிகே 23 (ஜாவா டெவலப்மென்ட் கிட்) முதல், கிளாஸ்பாத்தில் கிடக்கும் ப்ராசஸர் தானாக ஓடாது. ப்ராசஸர் பாத்தில் வெளிப்படையாகக் கொடுங்கள். பிரைவேட் மெத்தடில் ஆடிட் வைத்த ஒரு கிளாஸைத் தனி டெஸ்டில் கம்பைல் செய்து, அது தோற்கிறதா என்றும் பாருங்கள்.

வெளி லைப்ரரி அனோட்டேஷன்களில் இம்போர்ட்தான் பெரிய கண்ணி. 2020-ல் ஜகார்த்தா இஇ 9 (நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா விவரக்குறிப்புகளின் தொகுப்பு) வந்தபோது ஜாவாஎக்ஸ் பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தாவாக மாறின. பழைய ஜார் இன்னும் கிளாஸ்பாத்தில் இருந்தால் மதிப்பு நல் ஆக இருக்கக்கூடாது என்று சொல்லும் பழைய 'நாட்நல்' நிம்மதியாக கம்பைல் ஆகும், புதிய வேலிடேட்டர் அதைக் கண்டுகொள்ளாது. பழைய வேலிடேஷன் பேக்கேஜை எந்தக் கிளாஸும் தொடக்கூடாது என்று ஆர்க்யூனிட்டில் (கோட் அமைப்பு விதிகளை டெஸ்டாக ஓட்டும் லைப்ரரி) ஒரு விதி எழுதிவிடுங்கள். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்டின் ஃபீல்டில் 'வேலிட்' அனோட்டேஷன் விடுபட்டால் அதற்குள் எதுவும் சோதிக்கப்படாது. அதையும் ரிஃப்ளெக்ஷன் டெஸ்டில் தேடலாம்.

ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிட்டால் அழைப்பு பிராக்ஸியைத் தொடாமலே போய்விடும், அதனால் அனோட்டேஷன் வேலை செய்யாது. நம் ப்ராசஸர் பார்ப்பது அறிவிப்பை மட்டும்தான், அழைப்பை அல்ல. இதற்கு இன்டக்ரேஷன் டெஸ்ட்தான் வழி: வேண்டுமென்றே எக்ஸெப்ஷன் எறிந்து, டேட்டாபேஸில் ரோல்பேக் (மாற்றங்கள் திரும்பப் பெறுதல்) ஆகியிருக்கிறதா என்று வரியைப் படித்துப் பாருங்கள்.