உருவகப்படுத்தும் மென்பொருளில் வேதியினங்களுக்குப் பெயரிடும் முறை

எரிதலைக் கணிக்கப் பயன்படும் கெம்கின், கான்டெரா போன்ற மென்பொருள்களுக்கு வேதியினத்தின் (வினையில் பங்கேற்கும் மூலக்கூறு, அணு அல்லது அயனியின்) பெயர் வெறும் அடையாளச் சொல்தான். பெயரைப் படித்து மூலக்கூறின் அமைப்பை அவை ஊகிப்பதில்லை. அதனுடன் நாம் இணைத்துத் தரும் அணு எண்ணிக்கையையும் வெப்ப இயக்கவியல் குணகங்களையும் (என்தால்பி போன்ற வெப்பப் பண்புகளைக் கணக்கிட உதவும் எண்களையும்) கொண்டே கணக்கிடுகின்றன. எனவே குணகங்கள் வேறொரு பொருளுக்கு உரியவையாக இருந்தாலும், பிழைச்செய்தி ஏதும் வராமலே விடை தவறிவிடும்.

மூலக்கூறு வாய்பாட்டை மட்டும் பெயராக வைப்பதை நான் முதலில் தவிர்ப்பேன். சி2எச்6ஓ என்பது எத்தனாலுக்கும் பொருந்தும், டைமெத்தில் ஈதருக்கும் பொருந்தும். ஆனால் வாயு நிலையில் அவற்றின் உருவாதல் என்தால்பி (தனிமங்களிலிருந்து சேர்மம் உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்) மோலுக்கு ஏறத்தாழ 50 கிலோஜூல் வேறுபடுகிறது. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே என்பதால், வினைச் சமன்பாட்டின் அணுச் சமநிலைச் சோதனை இந்தக் குழப்பத்தைக் காட்டிக்கொடுக்காது. இயற்கை எரிவாயு எரிதலுக்கான, 53 வேதியினங்கள் கொண்ட ஜிஆர்ஐ-மெக் 3.0 வினைத் தொகுப்பில் எச்சிஎன்ஓ, எச்ஓசிஎன், எச்என்சிஓ என மூன்று மாற்றியங்கள் (ஒரே அணுக்கள் வேறு வேறு அமைப்பில் இணைந்தவை) தனித்தனியே உள்ளன. அணுக்கள் பிணைந்திருக்கும் வரிசையையே அங்கே பெயர் சொல்கிறது. மெத்திலீனின் சிங்லெட் நிலைக்கு (எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் எல்லாம் இணைசேர்ந்த நிலைக்கு) அதே தொகுப்பு அடைப்புக்குறிக்குள் எஸ் சேர்த்திருப்பதும் பின்பற்றத்தக்க நல்ல வழக்கம்.

கெம்கின் வடிவில் பெயர் 16 எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டும். இலக்கத்திலோ, கூட்டல் குறியிலோ, சமக்குறியிலோ தொடங்கக் கூடாது. கான்டெரா படிக்கும் யாம்ல் என்னும் உரைவடிவக் கோப்பில் நைட்ரிக் ஆக்சைடின் என்ஓ என்ற பெயரை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுங்கள்; இல்லாவிட்டால் யாம்ல் 1.1 விதிப்படி அது 'இல்லை' என்னும் தர்க்க மதிப்பாகப் படிக்கப்படும்.

இவ்வளவு குறுகிய பெயர் முழு அடையாளத்தையும் தாங்காது. ஆகவே பெயர், மூலக்கூறின் அமைப்பை எழுத்துவரிசையாகக் காட்டும் ஸ்மைல்ஸ் குறியீடு, இன்ச்சி குறியீடு, மின்சுமை, சுழற்சிப் பெருக்கம் (எலக்ட்ரான் தற்சுழற்சி நிலையைக் காட்டும் எண்), குணகங்கள் எடுக்கப்பட்ட இடம் ஆகியவற்றைக் கொண்ட ஓர் அட்டவணையைக் கோப்புடனேயே வைத்திருங்கள். ஸ்மைல்ஸில் எத்தனால் சிசிஓ, டைமெத்தில் ஈதர் சிஓசி; குழப்பத்துக்கு இடமே இல்லை. சுழற்சிப் பெருக்கத்தைத் தனி நெடுவரிசையாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு: மெத்திலீனின் சிங்லெட் நிலையையும் ட்ரிப்லெட் நிலையையும் (இணைசேராத இரு எலக்ட்ரான்கள் உள்ள நிலை) இன்ச்சியின் செந்தர வடிவம் வேறுபடுத்துவதில்லை.

இரண்டு தொகுப்புகளை இணைக்கும்போது பெயர்களை ஒப்பிடாமல் இந்த அட்டவணைகளை ஒப்பிடுங்கள். ஒரே பொருள் இரு பெயர்களில் நுழைந்தால் அதன் செறிவு இரண்டாகப் பிரிந்து, ஒரு பெயருக்கு எழுதிய வினைகள் மற்றதைத் தொடாமலே போகும். இணைத்தபின் ஒவ்வொரு இனத்தின் என்தால்பியையும் 298.15 கெல்வினில் கணக்கிட்டு, நம்பகமான தரவுடன் ஒத்துப்பாருங்கள். பெரிய வேறுபாடு தெரிந்தால், வினைவேக மாறிலிகளில் கை வைக்கும் முன் அந்தப் பெயர் எந்த மூலக்கூறைக் குறிக்கிறது என்பதைச் சரிபாருங்கள்.