இணைத்த எழுத்துருவில் கொம்பு இடம் மாறியது: என் அனுபவம்

தமிழ், தேவநாகரி, லத்தீன் மூன்றையும் ஆளுக்கொன்றாக வரைந்து ஒரே எழுத்துருவாக இணைக்கும் கூட்டுத் திட்டம். இணைத்தபின் தமிழில் மட்டும் கோளாறு: 'கை' என்று அடித்தால் இணைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் நின்றது, 'கு' ஒட்டாமல் துண்டாக விழுந்தது. தனித் தமிழ்க் கோப்பில் எல்லாம் சரி.

விசைப்பலகையை மாற்றினோம், யூனிகோடு வரிசையைப் பார்த்தோம், வேறு மென்பொருளில் திறந்தோம். நாட்கள்தான் வீண்.

தாமதத்துக்குக் காரணம் சோதனைச் சொற்கள். 'தமிழ்', 'வணக்கம்' இரண்டிலும் கொம்பும் இல்லை, உகரமும் இல்லை. எழுத்துரு உடைந்திருந்தாலும் அழகாகவே தெரியும். 'கைக்குட்டை' போட்டிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

எழுத்துகளை வரிசைப்படுத்தி, பொருத்தமான வடிவங்களைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் ஹார்ஃப்பஸ். அது தரும் எச்பி-ஷேப் (hb-shape) என்ற சோதனைக் கருவியில் 'கெ' கொடுத்தோம். கொம்புதான் முதலில் வர வேண்டும், ககரம் வந்தது. எழுத்து இணைப்பு விதிகள் இருக்கும் ஓப்பன்டைப் ஃபீச்சர் கோப்பைத் திறந்தால், எந்தெந்த எழுத்துமுறைகளுக்கு விதிகள் உண்டு என்று அறிவிக்கும் லாங்குவேஜ்சிஸ்டம் வரிகளில் பொதுக்குறியும் (DFLT) தேவநாகரியின் குறியான 'டெவ்2'-உம் (dev2) மட்டும். தமிழின் குறியான 'டிஎம்எல்2' (tml2) இணைப்பில் விடுபட்டிருந்தது. தமிழுக்கான எந்தக் குறியும் இல்லையென்றால் ஹார்ஃப்பஸ் பொதுக்குறிக்கு இறங்கி, இந்திய எழுத்துகளுக்கான வரிசை மாற்றத்தையே விட்டுவிடும்.

பொதுக்குறி வரிக்குக் கீழே 'டிஎம்எல்2' வரியைச் சேர்த்தோம். அது மட்டும் போதாது: ஃபீச்சருக்குள், அதாவது விதித் தொகுதிக்குள், 'ஸ்கிரிப்ட் டெவ்2' என்று இருந்தால், அதற்குப் பின்வரும் விதிகள் தேவநாகரிக்கே போகும். தமிழ் விதிகளுக்கு மேலே 'ஸ்கிரிப்ட் டிஎம்எல்2' எழுதியபின்தான் 'கு' ஒட்டியது. மறுபடி நிறுவும்போது பழைய எழுத்துருவின் கேஷை (கணினி சேமித்து வைத்திருக்கும் நகலை) அழித்துவிடுங்கள். இல்லையென்றால் சரியான கோப்பும் பழைய உடைசலையே காட்டக்கூடும்.