குதிரை டிரெய்லரில் ஏற மறுக்கிறதா? முதலில் இறங்கப் பழக்குங்கள்

முன்னங்கால் இரண்டையும் டிரெய்லரின் ஏறுபலகையில் வைத்ததும் குதிரையை மேலே இழுக்காதீர்கள். அங்கேயே நிறுத்தி, கழுத்தைத் தடவி, அது தானாகப் பின்வாங்கும் முன் நீங்களே மெதுவாகப் பின்னால் இறக்குங்கள். இப்படிப் பல தடவை செய்த பிறகு மூன்று கால், அப்புறம் நான்கு கால்.

குதிரைக்கு ஏறுவதைவிட, உள்ளே மாட்டிக்கொள்வோமோ என்பதுதான் பெரிய பயம். வெளியே வர வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பிடிவாதம் போய்விடும். கயிற்றைப் பிடித்திருக்கும் உங்கள் கையும் முக்கியம்: குதிரை ஓர் அடி முன்னே வைத்த அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். குதிரை கற்றுக்கொள்வது இழுப்பதால் அல்ல, விடுவதால். சற்றுத் தாமதித்தாலும் எதற்காக விட்டீர்கள் என்று அதற்குப் புரியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். அதனால் முன்கதவையோ ஜன்னலையோ திறந்து உள்ளே வெளிச்சம் விடுங்கள்.

முழுதாக ஏறிய பிறகு பின்பக்கத் தடுப்புக் கம்பியைப் போட்டுவிட்டுத்தான் தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கம்பியை எடுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது.

இது பயண நாளன்று அவசரத்தில் செய்யும் வேலை இல்லை, முன்பே பழக்க வேண்டியது. தரை வழுக்கினாலோ, டிரெய்லர் வண்டியோடு மாட்டப்படாமல் ஆடினாலோ, குதிரைக்குக் காலிலோ முதுகிலோ வலி இருந்தாலோ பயிற்சியால் பயன் இல்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். முன்காலைத் தூக்கி எழும்பும் குதிரையை அனுபவமுள்ள பயிற்சியாளரிடம் விடுங்கள்.