கலியாணப் படப்பிடிப்பு: முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முறை

யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்கு நாள் வைத்தவுடன் மண்டபம், ஐயர், மேளம், சமையல் என்று ஒவ்வொன்றாக ஒழுங்கு செய்துவிட்டு, படப்பிடிப்பை மட்டும் ‘அவர்கள் வந்து எடுப்பார்கள்தானே’ என்று விட்டுவிடுவது பல வீடுகளில் வழமை. படப்பிடிப்பாளர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு அவர் புதியவர். மணமகளை அறுகரிசி (அறுகம்புல்லும் அரிசியும்) போட்டு ஆசீர்வதிக்க ஏறும் பத்துப் பெண்களில் அவளைத் தூக்கி வளர்த்த சின்னம்மா யார், பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. வீட்டாருக்கு மட்டும் தெரிந்த இத்தகைய விடயங்களை ஒரு கிழமைக்கு முன்னராவது எழுதி அவரிடம் கொடுப்பதே திட்டமிடலின் பெரும்பகுதி என்பது, என் குடும்பத்தில் நான்கு கலியாணங்களை ஒழுங்கு செய்த அனுபவத்தில் நான் கண்டது.

முதலில் ஆளைப் பேசி முடிக்க வேண்டும். ஆடி, புரட்டாதி, மார்கழி மாதங்களைப் பலரும் தவிர்ப்பதால் கலியாணங்கள் எஞ்சிய மாதங்களின் சில முகூர்த்த நாட்களில் நெருங்கி வருகின்றன. அதிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறையையும் ஒட்டி உறவினர் வந்திறங்கும் காலத்தில், ஒரே ஸ்ரூடியோ ஒரே நாளில் இரண்டு மூன்று கலியாணங்களை ஏற்றுக்கொண்டு, உங்களுக்குப் படங்களைக் காட்டியவரை ஓரிடத்துக்கும் அவருடைய உதவியாளரை உங்களிடமும் அனுப்பிவிடக்கூடும். எனவே அன்று கமராவுடன் வரப்போகிறவர் யார் என்பதை நேரடியாகக் கேட்டு, அவர் எடுத்த ஒரு முழுக் கலியாணத்தின் படங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டும்படி கேளுங்கள். முகநூலில் போட்ட முப்பது படங்கள் எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும். மண்டபத்தின் பின்வரிசை, பந்தி, வெளிச்சம் குறைந்த வீட்டு விறாந்தை ஆகியவற்றில் அவர் எடுத்தவற்றைப் பார்த்தால்தான் கை எப்படிப்பட்டது என்று தெரியும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை விருந்தினர் தொகையைவிட, ஒரே நேரத்தில் எத்தனை இடங்களில் சடங்கு நடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. கலியாணக் காலையில் பாலறுகு வைத்துத் தோயவார்ப்பது (பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்து நீராட்டுவது) இரண்டு வீடுகளிலும் நடக்கும். மாப்பிள்ளை வீடு பருத்தித்துறையிலும் பெண் வீடு கொக்குவிலிலும் இருந்தால் ஒருவரால் இரண்டையும் எடுக்க முடியாது. இரு வீட்டாரும் தனித்தனியாக ஆட்களைப் பேசியிருந்தால், மண்டபத்தில் ஒருவர் மற்றவரின் சட்டகத்துக்குள் நின்று மல்லுக்கட்டாதபடி அவர்களை முன்கூட்டியே தொலைபேசியிலாவது பேச வைத்துவிடுங்கள். மணமகள் வெளிக்கிடும் அறைக்குப் பெண் படப்பிடிப்பாளர் ஒருவர் இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் அந்த அறைப் படங்கள் அலங்காரம் முழுதும் முடிந்து கதவு திறந்த பின்னரே எடுக்கப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நேர அட்டவணையை முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கித் தயாரிக்க வேண்டும். முகூர்த்தம் காலை 10.15 முதல் 11.05 வரை என்று வைத்துக்கொள்வோம். தாலிகட்டு அதற்குள் நடக்க வேண்டுமானால், கூறைச் சேலையை வாங்கிய மணமகள் அதை உடுத்துத் திரும்புவதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்கி, கன்னிகாதானத்தையும் அதற்கு முந்திய கிரியைகளையும் கணக்கிட்டால், அவர் 9.15 அளவில் மணவறைக்கு வர வேண்டியிருக்கும். மாப்பிள்ளை அதற்கு முக்கால் மணித்தியாலம் முன்னர் மண்டப வாசலில் இறங்க வேண்டும். அலங்காரத்துக்கு மூன்று மணித்தியாலம் என்றால் விடியற்காலை 5 மணிக்கே அது தொடங்கும். ஆனால் படப்பிடிப்பாளரை அந்நேரத்துக்கு எழுப்பத் தேவையில்லை. அலங்காரத்தின் கடைசி ஒரு மணித்தியாலத்துக்கு, அதாவது 7 மணிக்கு அவர் வந்தால் போதும். 8 மணிக்கு அலங்காரம் முடிந்ததும் மணமகளைத் தனியாகவும் பெற்றோருடனும் எடுக்க அரை மணித்தியாலம் கிடைக்கும். பின்னர் எத்தனை மணித்தியாலம் மேடையில் நின்றாலும், முகம் வியர்க்காத அந்த அரை மணித்தியாலத்தின் படங்களுக்கு ஈடாகாது. கிரியைகளின் வரிசையும் நீளமும் ஐயருக்கு ஐயர் சிறிது மாறுபடுவதால், அட்டவணையை இறுதியாக்குமுன் அவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த அட்டவணையில் பலர் கவனியாமல் விடுவது கூறை மாற்றும் இடைவேளையைத்தான். மணமகள் உள்ளே போனதும் சபை கலகலக்கும், படம் எடுப்பவர்களும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஆனால் தாலி வைத்த தட்டைச் சபையோரின் ஆசீர்வாதத்துக்காக வரிசை வரிசையாகக் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தத் தட்டின் பின்னால் ஒருவர் கமராவுடன் நடந்தால், மேடைக்கு ஏற முடியாத முதியவர்கள் உட்பட, வந்திருக்கும் பெரியவர்கள் பெரும்பாலோரின் முகமும் தட்டைத் தொட்டு வணங்கும் கையும் யாரும் நிற்கச் சொல்லாமலே இயல்பாகப் படத்தில் விழும். ஒரு கலியாணத்தின் மிகச் சிறந்த முகப்படங்கள் இவைதான் என்பது என் எண்ணம்.

தாலிகட்டின்போது யார் எங்கே நிற்பது என்பதை முதல்நாளே முடிவு செய்யுங்கள். ஒருவர் மணவறைக்கு நேர் எதிரே, சபையின் பார்வையை மறைக்காதபடி சற்றுத் தாழ்ந்தும், மற்றவர் பக்கவாட்டில், தோழனும் தோழியும் நிற்கும் இடத்துக்கு அப்பாலும் நிற்பது பொதுவாகச் சரியாக அமையும். கெட்டிமேளம் கேட்டதும் கைத்தொலைபேசியுடன் முன்னே பாயும் உறவினரைத் தடுக்கும் பொறுப்பைப் படப்பிடிப்பாளரிடம் விடாமல், வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுங்கள். படம் சரியாக விழவில்லை என்று மாப்பிள்ளையின் கையை மறுபடி பிடிக்கச் சொல்லி, கட்டிய தாலியை இன்னொரு முறை கட்டுவதுபோல் நடிக்க வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதற்கு மனம் கோணுபவரை நான் ஒழுங்கு செய்ய மாட்டேன்.

வெளிச்சத்தைப் பற்றி வீட்டார் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். மணவறை அலங்காரக்காரர் ஊதா, நீலம் என்று நிற விளக்குகளைப் போட்டால் மணமக்களின் முகமும் அந்த நிறமாகும், அதைப் பின்னர் திருத்துவது கடினம். மேடைக்கு வெள்ளை அல்லது இளமஞ்சள் ஒளி மட்டும் போதும் என்று அவரிடம் சொல்லுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்ஈடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், படத்தில் அது பட்டை பட்டையாக விழும். நொடியில் நூறில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு என்ற ஷட்டர் வேகத்தில் எடுத்தால் அது பெரும்பாலும் மறையும். எனினும் படப்பிடிப்பாளர் மண்டபத்துக்கு ஒருநாள் முன்னர் போய் விளக்குகளைப் போட்டுச் சோதித்துப் பார்ப்பதே பாதுகாப்பு. மின்வெட்டு ஏற்பட்டால் மின்பிறப்பாக்கி மேடை விளக்குகளையும் தாங்குமா என்பதை அப்போதே கேட்டுவிடலாம்.

அடுத்தது ஆட்களின் பட்டியல். என் தங்கையின் கலியாணத்தில் 2,800 படங்கள் எடுக்கப்பட்டன. சகோதரர் ஆறு பேரும் ஒன்றாக நிற்கும் படம் அவற்றில் ஒன்றுகூட இல்லை, ஏனெனில் பெரியண்ணன் காலை முதல் பந்தியில் நின்று சோறு கறி பார்த்துக்கொண்டிருந்தார். வேலை செய்பவர்கள் எப்போதும் படத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். எனவே குழுப் படங்களின் பட்டியலை எழுதும்போது, சமையலைப் பார்ப்பவர், வான் ஒழுங்கு செய்பவர், வாசலில் வரவேற்பவர் ஆகியோரின் பெயர்களை முதலில் எழுதி, அவர்கள் எந்த நேரத்தில் மேடைக்கு வர வேண்டும் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பட்டியல் இருபது குழுக்களைத் தாண்டக் கூடாது. ஒரு குழுவைக் கூட்டி நிறுத்தி எடுக்க மூன்று நிமிடம் என்று வைத்தாலே ஒரு மணித்தியாலம் போய்விடும், அதற்கிடையில் பரிசுப் பொதியுடன் வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். இரு பக்கத்திலும் உறவுமுறை தெரிந்த, குரல் உயர்த்திக் கூப்பிடக்கூடிய ஒவ்வொருவரை நியமித்து, பட்டியலின் பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள். மாமாமாரில் ஒருவராவது இதற்கென்றே பிறந்தவராக இருப்பார்.

வெளிப்புறப் படங்களைக் கலியாண நாளிலேயே எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தாலிகட்டு முடிந்து நடுப்பகலில் வெளியே வந்தால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் யாழ்ப்பாணத்தில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும். காரைநகர் கசூரினா கடற்கரைக்குக் கூறையும் நகையுமாகப் போய்வர அரைநாள் வேண்டும். நாலாஞ்சடங்கின் பின் வேறொரு மாலையை அதற்கு ஒதுக்கி, சூரியன் மறைவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர் அங்கே இருங்கள். மறையும் நேரம் இங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.45 மணிக்கும் 6.40 மணிக்கும் இடையில்தான் மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழைக்கு மாற்றிடம் ஒன்றும் கையில் இருக்க வேண்டும். கோட்டையும் மந்திரிமனையும் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை என்பதால், அனுமதியைப் பற்றி முன்னரே விசாரிக்க வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. மற்றக் கோயில்களில் கலியாணம் வைத்தால் நிர்வாகத்தினரிடம் கேட்டு, எதுவரை கமரா போகலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானசேவை அதிகாரசபையின் விதிகள் உண்டு. பலாலி விமான நிலையத்துக்கும் படைமுகாம்களுக்கும் அண்மையில் உள்ள ஊர்களில், உரிய அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்களுக்கு நேரலை வேண்டுமென்றால், இங்கே காலை 9 மணி என்பது கோடைகாலத்தில் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 11.30, இலண்டனில் விடியற்காலை 4.30 என்பதைக் கணக்கிட்டு இணைப்பை முன்னரே அனுப்புங்கள். மேளக்காரர் சினிமாப் பாட்டு வாசித்தால் பதிப்புரிமையைக் காரணம் காட்டி யூரியூப் ஒலியை நிறுத்தக்கூடும் என்பதால், ஒலி பதிவான மூலப்பிரதி கமராவிலும் இருக்க வேண்டும்.

பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: வருபவர்களின் பெயர், தொடங்கி முடியும் நேரம், மேலதிக மணித்தியாலத்துக்கான கட்டணம், திருத்தித் தரும் படங்களின் எண்ணிக்கை, அல்பத்தின் அளவும் பக்கங்களும், ஒப்படைக்கும் திகதி, உங்கள் படங்களை அவர்கள் விளம்பரத்துக்குப் போடலாமா என்பது. இரண்டு கிழமையில் விமானம் ஏறுபவர்கள் இருந்தால், அவர்களுக்காக ஐம்பது படங்களை முதலில் தரும்படி அதிலேயே குறிப்பிடுங்கள். பெரிய அல்பத்தின் நிறையும் பயணப் பொதியின் கணக்கில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். முழுக் கொடுப்பனவையும் முற்பணமாகக் கொடுக்காமல், ஒரு பங்கை அல்பம் கைக்கு வரும்வரை வைத்திருப்பது இரு பக்கத்துக்கும் நியாயமானது.

கடைசியாகக் கோப்புகள். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி காட்டுகளில் பதியும் கமராவா என்று கேளுங்கள். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 45 ஜிகாபைட் பிடிக்கும் என்பதால், காட்டுகள் போதாமல் இடையில் அழித்து எழுதும் நிலை வரக் கூடாது. அன்றிரவே எல்லாம் இரண்டு வன்தட்டுகளில் பிரதியெடுக்கப்பட வேண்டும். ஒன்று ஸ்ரூடியோவில் இருக்கட்டும், மற்றதை நீங்களே விலைகொடுத்து வாங்கிக் கொடுத்து, மறுநாள் காலை வீட்டுக்குக் கொண்டுவந்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு மெமரி காட்டுகளை அழிக்கச் சொல்லுங்கள்.